கன்னியக்கோவில், முள்ளோடை, கடலூர்: ஒரே பாதையில் இத்தனை விதமான ரோடு ஏன்? பள்ளத்துக்கு யாரிடம் போய்ச் சொல்வது?

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பாகூர் பக்கம் குடியிருக்கிறேன், வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் பைக்கில்தான் போய்வருகிறேன். கன்னியக்கோவில் வரைக்கும் உள்ரோடு, அங்கே மெயின் ரோட்டில் ஏறினால் முள்ளோடை, பெரிய கங்கணாங்குப்பம், தென்பெண்ணைப் பாலம், ஆல்பேட்டை. இந்தச் சின்ன தூரத்துக்குள் ரோடு எத்தனை முறை மாறுகிறது என்று இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிடத்தில் வெள்ளைக் கோடெல்லாம் போட்டு வழவழவென்று இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் மேடாகிக் கைப்பிடி ஆடும், உள்ரோட்டுக்குத் திரும்பினால் தார் போய் வெறும் ஜல்லிதான் கிடக்கும்.

இப்போது என் பிரச்சினை. எங்கள் ஊர் வழியில் ஒரு கல்வெர்ட்டை, அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலத்தை, ஒட்டி ஒரு பள்ளம். மழைக்கு முன்னால் தட்டு அளவுதான் இருந்தது. இப்போது ரோட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டது. தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, ராத்திரியில் அந்த இடத்தில் விளக்கும் கிடையாது. பால் ஊற்ற வந்த ஒரு அண்ணன் கேனோடு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் கிடக்கிறார். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம், அது எங்கள் ரோடு இல்லை என்றார்கள். அவர்கள் காட்டிய இடத்துக்குப் போனோம், அங்கேயும் அதே பதில். எழுதிக் கொடுத்த மனுவை வாங்கிக்கொள்ளக்கூட இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. ஒரே மழை, ஒரே வெயில், ஓடுகிற வண்டியும் ஒன்றுதான், அப்புறம் ஏன் ஒரு துண்டு நன்றாகவும் அடுத்த துண்டு நாசமாகவும் இருக்கிறது? இந்தப் பள்ளத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரோடு வேலை பார்த்தவன் எழுதியது:

தம்பி, நான் தமிழ்நாட்டுப் பக்கம் சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கண்ணுக்கு ஒரே ரோடு, ஆபீஸ் கணக்கில் அது நாலைந்து ரோடு. எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டில் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை மத்திய அரசின் நெடுஞ்சாலை ஆணையம் நேரடியாகப் பார்க்கும், மீதியை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை. ஊருக்குள் என்றால் நகராட்சி, மாநகராட்சி. புதுச்சேரியில் நெடுஞ்சாலைக்கென்று தனித் துறை கிடையாது. பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையிடம், உள்தெருவும் சின்னச் சாலைகளும் நகராட்சியிடமோ, பல கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கிற உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்திடமோ இருக்கும். புதுச்சேரி வட்டாரத்தில் கொம்யூன் ஐந்து: அரியாங்குப்பம், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர். உங்கள் உள்ரோடு பாகூர் கொம்யூனிலும் இருக்கலாம், பொதுப்பணித் துறையிலும் இருக்கலாம்.

இதற்கு மேல் எல்லைக் குழப்பம் வேறு. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரன் கையில் அங்கங்கே இருந்த ஊர்கள்தான் 1954-ல் இந்தியாவோடு சேர்ந்து, 1962-ல் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டன. அந்தப் பழைய எல்லை அப்படியே நிற்கிறது. வயலுக்கு நடுவில் போகிற ஒரு கிராமத்து ரோடு புதுச்சேரியில் தொடங்கி, கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வரும். டெண்டர், எஸ்டிமேட், இன்ஜினியர் எல்லாமே வேறு வேறு. இந்தப் பக்கத்து டெண்டர் எல்லைக்கல்லோடு நின்றுவிடும், அந்தப் பக்கத்து டெண்டர் இரண்டு வருஷம் கழித்து வரும்.

கண்டுபிடிக்க முதல் வழி கிலோமீட்டர் கல். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு அடித்திருந்தால் கிராமச் சாலை, பெரும்பாலும் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. இந்தத் திட்டம் 2000-ல் வந்தது, இதில் போடும் ரோட்டை 5 வருஷம் பராமரிக்க வேண்டியது போட்ட ஒப்பந்ததாரர். ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் போர்டு வைத்திருப்பார்கள், முடித்த தேதியும் பராமரிப்புக் காலமும் அதில் இருக்கும். அந்த போர்டைப் படம் பிடித்து வையுங்கள். 5 வருஷம் முடிந்த பிறகு அந்த ரோடு கேட்பாரில்லாமல் போவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். புதிதாகப் போடப் பணம் வரும், திறப்பு விழா நடக்கும். ஓரத்து மண்ணைச் சீவவும் கல்வெர்ட் வாயில் அடைத்த செடியை எடுக்கவும் அந்த வேகத்தில் பணம் வராது. ரோடு கெடுவது அந்தச் சின்ன வேலைகள் நின்று போன இடத்தில்தான்.


சோரியாங்குப்பம் விவசாயி எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஆபீஸ் சமாச்சாரம் அவருக்குத் தெரியும், தண்ணீர் சமாச்சாரம் எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல் வயல். நட்ட வயலில் மாசக்கணக்கில் தண்ணீர் நிற்கும், களிமண் பூமி, ரோட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணும் ஊறிப்போகும். மேலே எத்தனை நல்ல தார் போட்டாலும் அடிமண் ஊறிக் கிடக்கும்போது பாரவண்டி ஏறினால் அமுங்கத்தான் செய்யும். முதலில் மேலே மெல்லிசாக வெடிப்பு வரும், மீன் வலை மாதிரி. அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். அப்புறம் ஒரே வாரத்தில் ஜல்லி கழன்று வந்துவிடும். தம்பி சொல்கிற பள்ளம் கல்வெர்ட்டை ஒட்டி வந்திருக்கிறது என்றால் கல்வெர்ட் அடைத்துக்கொண்டதா என்று முதலில் குனிந்து பாருங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது. குழாய்க்குள் காட்டாமணக்கு வேரும் பிளாஸ்டிக் பையும் அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டின் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தை மூடிக்கொண்டே இருந்தார்கள், அது திறந்துகொண்டே இருந்தது. அடைப்பை எடுத்த பிறகுதான் நின்றது.

இன்னொன்று, ரோட்டின் நடு மேடாக இருந்து ஓரம் சரிந்தால்தான் தண்ணீர் வடியும். இங்கே ஓரத்து மண் ரோட்டைவிட உயரமாக வளர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது. தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் மேலேயும் குற்றம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சேற்று உழவுக்குப் போடுகிற இரும்பு கேஜ் வீலைக் கழற்றாமலே டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் தாரில் வரிவரியாக வெட்டுப் போடும். வயல் வரப்பில் கழற்றிவிட்டு டயரை மாட்டக் கொஞ்ச நேரம்தான் ஆகும், ஆனால் கேட்க மாட்டேன் என்கிறார்கள். வாய்க்காலை ஆக்கிரமித்து வரப்பை ரோடு வரைக்கும் இழுத்தவர்களும் நம் ஆட்கள்தான்.

2024 ஃபெஞ்சல் புயலைச் சொல்லாமல் விட முடியாது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ-க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை புரண்டு, கடலூர் ரோட்டிலேயே ஆற்றுத் தண்ணீர் ஓடிப் போக்குவரத்து நின்றது. அன்றைக்கு ஊறிய ரோடுகளில் சிலவற்றுக்கு மேலே ஒரு பூச்சுப் பூசியதோடு சரி, அடியில் தோண்டிப் போடவில்லை. அதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வாயைத் திறக்கிறது.


திருப்பாதிரிப்புலியூர் அக்கா எழுதியது:

நான் கடலூர் டவுனுக்குள் ஸ்கூட்டி ஓட்டுகிறவள். கிராமத்து ரோட்டுக்குத் தண்ணீர் எதிரி என்றால் டவுனில் தோண்டுகிறவர்கள்தான் எதிரி. பாதாள சாக்கடைக்கு வருஷக்கணக்கில் தோண்டினார்கள், அப்புறம் குடிநீர்க் குழாய், அப்புறம் கேபிள். தோண்டுவது ஒருவர், மூடுவது இன்னொருவர், தார் போடுவது மூன்றாம் ஆள். மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் அப்படியே தள்ளி மூடினால் அடுத்த மழைக்கு அந்தக் கோடு முழுவதும் அரை அடி இறங்கிவிடும். மேன்ஹோல் மூடி மட்டும் மேலே நிற்கும். ராத்திரியில் பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அந்த மூடியில் சக்கரம் ஏறும்போது எப்படி இருக்கும் என்று எஸ்டிமேட் போடுகிறவர்கள் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கொடுமை ரோட்டு மேல் ரோடு போடுவது. எங்கள் தெருவில் பழைய வீடுகள் எல்லாம் இப்போது ரோட்டைவிடத் தாழ்வு. முன்பு வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறார்கள், மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு அனுப்பினார். அதனால் உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது மில்லிங் மெஷின் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வண்டிக்கு முன்னால் நின்று கேட்டோம், அன்றைக்கு வேலையை நிறுத்தி, மெஷின் கொண்டுவந்து சுரண்டிவிட்டுத்தான் போட்டார்கள்.


முருங்கப்பாக்கம் எழுதியது:

இவ்வளவு விளக்கம் தேவையா? கமிஷன். ஒரே வார்த்தை. போடுகிற காசில் பாதி போய்விட்டால் மீதியில் எப்படி ரோடு நிற்கும்? கல்லு நிறம் பார்த்து என்ன ஆகப் போகிறது?

அப்புறம் புதுச்சேரியில் கேட்கிறதுக்கு ஆளே இல்லை என்பதையும் எழுதுங்கள். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்தது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது, அதற்கப்புறம் தேர்தலே இல்லை. வார்டு கவுன்சிலரும் இல்லை, கொம்யூன் சேர்மனும் இல்லை. ஒரு பள்ளத்துக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.


ரோடு வேலை பார்த்தவன் எழுதியது:

தேர்தல் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தமிழ்நாட்டிலும் கடலூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. தெரு முனையில் பார்த்துக் கேட்கிற ஆள் இல்லையென்றால் முதலில் சாவது சின்னப் பராமரிப்புதான்.

ஊழலை நான் மறுக்கவில்லை. ஆனால் கமிஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் நம்மால் எதையும் பிடிக்க முடியாது. திருட்டு நடக்கிற இடம் எது என்று தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும். கிராமச் சாலையில் மேலே போடுகிற பிரிமிக்ஸ் கார்பெட், அதாவது தாரும் ஜல்லியும் கலந்த மேல் அடுக்கு, 20 மி.மீ. கனம் இருக்க வேண்டும், அதற்கு மேல் தண்ணீர் இறங்காமல் அடைக்கிற சீல் கோட். ஓரத்தில் நின்று ஒரு ஸ்கேலை வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். கலவை பிளான்ட்டில் இருந்து தார்ப்பாய் மூடி வர வேண்டும், சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஆவி பறக்காமல் வந்து கட்டிகட்டியாகக் கொட்டினால் அது ஆறிப்போன கலவை, ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

பள்ளம் அடைக்கிறதையும் பாருங்கள். முறைப்படி என்றால் பள்ளத்தைச் சுற்றிச் சதுரமாக, விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி வெட்டி, நல்ல ஜல்லி தெரியும் வரை இளகியதை எல்லாம் எடுத்து, தூசி போகப் பெருக்கி, அடியிலும் பக்கத்திலும் தார் தெளித்து, கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஒட்டு, ரோட்டு மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே நிற்க வேண்டும், வண்டி ஓடி ஓடி அது சமமாகிவிடும். நாம் பார்ப்பது என்ன? தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இரண்டு பாண்டு கலவையைக் கொட்டி மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டு. அப்படிப் போட்டதைப் பார்த்தால் அங்கேயே படம் எடுங்கள், தேதியோடு.

அப்புறம் பாரம். வானூர், திருவக்கரை குவாரியில் இருந்து ஜல்லி ஏற்றி வருகிற டிப்பர், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரெய்லர், இதெல்லாம் உள்ரோட்டில் ஓடுகிறது. அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. இது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ரோடு போட்டு லாரி ஓட்டிச் சோதித்துக் கண்ட கணக்கு, பல நாடுகளில் இன்றைக்கும் இதை வைத்துத்தான் ரோட்டின் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள். அதனால் ஓவர்லோடு டிப்பர் நாலைந்து போனாலே கிராமத்து ரோட்டுக்குப் போதும். 3.75 மீட்டர் அகல ரோட்டில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒரு பக்கத்துச் சக்கரம் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும், தார் விளிம்பு உடைவது அப்படித்தான். ஓரத்தில் கிராவல் போட்டு இறுக்கி வைத்திருந்தால் இந்த உடைப்பு பெருமளவு நின்றுவிடும்.


நெல்லிக்குப்பம் ரோடு எழுதியது:

என் அப்பா சாலைப் பணியாளராக இருந்தவர், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு துண்டு ரோட்டுக்கும் இன்னார் என்று ஆள் இருந்தார்கள். மண்வெட்டி, கூடை, கத்தி, தார் டின். மழை வருவதற்கு முன்னால் ஓரத்து மண்ணைச் சீவித் தண்ணீர் வெளியேற வாய் வெட்டி விடுவார்கள், முள் வெட்டுவார்கள், சின்ன வெடிப்பில் தார் ஊற்றி மணல் தூவி அடைப்பார்கள். பள்ளம் ஆவதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடும். அப்பாவுக்குத் தன் பகுதியில் எந்தப் புளியமரத்துக்கு எதிரே தண்ணீர் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

2002-ல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல்தான் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் எத்தனை குடும்பம் என்ன பாடுபட்டது என்பது தனிக் கதை. ரோட்டுக்கும் அது பெரிய அடி. ஓய்வு பெற்றவர்கள் இடமெல்லாம் நிரம்பவில்லை, வேலை ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. ஒப்பந்ததாரருக்குப் பள்ளம் விழுந்தால்தான் பில், விழாமல் பார்த்துக்கொண்டதற்கு யார் பில் போடுவார்கள்? சில மாவட்டங்களில் செயல்திறன் அடிப்படை என்று ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள், பொள்ளாச்சி பக்கம்தான் முதலில். ரோட்டை 5 வருஷம் நல்லபடி வைத்திருப்பதற்குத்தான் அதில் காசு. அது தேவலை என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதிலும் ஓரத்து மண்ணைச் சீவ மனுஷன் வேண்டும். ரோட்டைத் தினமும் நடந்து பார்க்கிற ஒரு ஆளை வேலைக்கு வைக்காமல் எத்தனை கோடி போட்டாலும் இந்தத் துண்டு துண்டு நிலைமை மாறாது என்று உறுதியாகச் சொல்வேன்.


பாகூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன். விவசாயி ஐயா சொன்னது போலவே கல்வெர்ட்டின் மேற்குப் பக்க வாய் முழுக்க மண் மூடிக் கிடக்கிறது, வயல் தண்ணீர் பூராவும் ரோட்டோரத்தில் தேங்கி நிற்கிறது. கிலோமீட்டர் கல் ஒன்று இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அடித்து அரசியல் விளம்பரம் எழுதிவிட்டார்கள், நிறம் தெரியவில்லை. திட்டப் போர்டும் இல்லை. அது எங்கள் ரோடு இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது? ஆன்லைனில் புகார் கொடுத்தால் நடக்குமா?


ஆல்பேட்டை எழுதியது:

அண்ணா, நான் இதைச் செய்து பார்த்தவன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு போன் போடலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் 2023-ல் வந்த ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது, பள்ளத்தைப் படம் எடுத்துப் போட்டால் இடம் தானாகப் பதிவாகும். முதல்வரின் உதவி மைய எண் 1100-ம் இருக்கிறது. ஆனால் உங்கள் பள்ளம் புதுச்சேரி உள்ரோடு, சொந்தக்காரர் யார் என்றே தெரியவில்லை. அதற்கு இந்தச் செயலியோ 1100-ஓ உதவாது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

முக்கியமான விஷயம், அந்தச் சட்டத்தின் பிரிவு 6(3). நீங்கள் மனு கொடுத்த அலுவலகத்தில் அந்தத் தகவல் இல்லை, வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், அவர்களே அதை 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் எங்களது இல்லை என்று சொல்வது சுலபம், எழுத்தில் கொடுக்கும்போது யாருடையது என்றும் சேர்த்து எழுத வேண்டி வரும். நான் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு ரோட்டுக்கு இப்படித்தான் போட்டேன். மனு இரண்டு மேஜை தாண்டிக் கடைசியில் உரியவரிடம் போய் உட்கார்ந்தது.

ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. காகிதத்தில் இருக்கிறதைக் கேளுங்கள். இந்த ஊரில் இருந்து இந்த ஊர் வரை போகும் சாலை எந்த அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் தார் போடப்பட்டது, ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ரோடு கெட்டால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) எப்போது முடிகிறது, கடந்த 3 நிதியாண்டில் இந்தச் சாலையின் பராமரிப்புக்கும் கல்வெர்ட் தூர் எடுக்கவும் எவ்வளவு செலவு எழுதப்பட்டிருக்கிறது, செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களின் நகல். செலவு எழுதியிருந்து கல்வெர்ட் மூடிக் கிடந்தால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் அரசுக்குச் செலவே இல்லாமல் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே போனால் தமிழ்நாட்டுக்குச் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரிக்குத் தனி ஆணையம் கிடையாது, டெல்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையம்தான். தபாலில், இணையத்தில் அனுப்பலாம், நேரில் போக வேண்டியதில்லை.

கூடவே பால்காரர் அண்ணன் விழுந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, பள்ளத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலையை உரிய தரத்தில் பராமரிக்காமல் விட்டு அதனால் சாவோ உடல் ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அவர் காயம் அந்த அளவுக்கு வருமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், ஆனால் காவல் நிலையத்தில் ஒரு புகாராவது பதிவாகி இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படி ஒரு விபத்து நடந்ததற்கே அத்தாட்சி இருக்காது.

மனுவை இந்த வாரமே அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தார் வேலை எதுவும் நடக்காது, ஜனவரி வரைக்கும் தள்ளிப் போடுவார்கள். கல்வெர்ட் வாயை மட்டும் அதற்கு முன்னால் திறக்கச் சொல்லி பாகூர் கொம்யூனுக்கும் பொதுப்பணித் துறைக்கும் தனித்தனியாக ஒரு கடிதம், பதிவுத் தபாலில். வரைவு வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.